இரையின் வரலாறு: அகநானூற்று எருவையும் வெள்ளகோவில் மேய்ச்சல் நிலமும்

ஆய்வுச் சுருக்கம்

சங்க இலக்கியத்தில் வரும் எருவை, பருந்து, கழுகு ஆகிய பறவைகளைச் சூழலியல் திறனாய்வு பெரும்பாலும் பாலையின் கருப்பொருளாகவோ அச்சத்தின் குறியீடாகவோ வாசித்து வந்துள்ளது. அவ்வாசிப்பில் பறவை நிற்கிறது. அது உண்ணும் இரை மறைந்துவிடுகிறது. பாறு கழுகுகளின் அழிவு இரையின் வழியாகவே நேர்ந்தது. ஆதலால் அப்பறவையைப் பற்றிய இலக்கிய வாசிப்பும் இரையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. அகநானூற்றின் மூன்றாம் பாட்டு முதன்மைச் சான்றாகவும், திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவில் வட்டாரத்தின் மேய்ச்சல் நிலம் துணைக் களமாகவும் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எருவை, பாறு கழுகு, அகநானூறு, பாலை, முல்லை, கொரங்காடு, வெள்ளகோவில், சூழலியல் திறனாய்வு.

பெயரில் தொடங்கும் சிக்கல்

பாறு கழுகுகளின் அழிவைத் தமிழில் எழுத முற்படுவோர் முதலில் சந்திப்பது பெயர்ச் சிக்கலை. இன்றைய பொதுவழக்கில் ‘கழுகு’ என்ற ஒரு சொல்லே இருவேறு பறவைக் குழுக்களைச் சுட்டுகிறது. உயிருள்ள இரையை வேட்டையாடும் பறவையும் கழுகு; இறந்த உடலை மட்டும் உண்ணும் பறவையும் கழுகு. முன்னதைக் கொண்டு ‘கழுகுப் பார்வை’ என்று பாராட்டுகிறோம். பின்னதற்குப் ‘பிணந்தின்னி’ என்ற அடையைச் சேர்த்து விலக்குகிறோம். பிணம் என்ற சொல் தமிழர் செவியில் முதலில் மனிதப் பிணமாகவே ஒலிக்கும். மாடும் மானும் தின்று வாழும் ஒரு பறவை, பெயரளவில் சுடுகாட்டுப் பறவையாகிவிட்டது.

கோவையை மையமாகக் கொண்டு இயங்கும் அருளகம் அமைப்பும் அதன் செயலர் சு. பாரதிதாசனும் ‘பாறு’ என்னும் பழஞ்சொல்லை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது இந்த நிலையில்தான். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு எனத் தமிழகத்தின் நான்கு இனங்களுக்கும் இன்று தனித்தனிப் பெயர்கள் வழங்குகின்றன. இதனை வெறும் கலைச்சொல்லாக்கமாகக் கருதுவதைவிட ஒரு திறனாய்வுச் செயலாகக் கருதுவது பொருந்தும். வெறுப்பை ஏற்றிய ஒரு பெயரை நீக்கிவிட்டு, அப்பெயர் மறைத்த வேறுபாட்டை அது மீட்டெடுக்கிறது.

அவ்வேறுபாடு தமிழுக்குப் புதியதன்று. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் பாலைக்குரிய பறவைகளாகப் புறா, பருந்து, எருவை, கழுகு ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணுகிறது. எருவையும் கழுகும் ஒன்றாயின் இரண்டையும் எண்ண வேண்டிய தேவை இல்லை. அகராதி மரபோ இவ்வேறுபாட்டைக் கலைத்துவிட்டது. தமிழ்ப் பேரகராதி எருவைக்கு வெண்ணிறத் தலையும் செந்நிற உடலும் உடைய ஒருவகைப் பருந்து என ஒரு பொருளும், கழுகு என மற்றொரு பொருளும் தருகிறது. வெண்தலையும் செவ்வுடலும் உடைய பறவை நாம் கருடன் என்று வணங்கும் செம்பருந்து. அது ஏரி, கழனி, கடற்கரை ஆகிய நீர்நிலைகளை ஒட்டி வாழ்வது. நீரற்ற சுரத்தின் பறவையாகப் புலவர்கள் பாடிய எருவைக்கு இவ்விளக்கம் பொருந்தாது. எருவை என்ற சொல்லுக்குச் செம்பு, குருதி என்ற பொருள்களும் உண்டு. சொல்லில் உள்ள செம்மையை விளக்க வந்தவர்கள் அதனைப் பறவையின் உடலில் தேடியிருக்கலாம். பாட்டு அதனை வேறோரிடத்தில் வைத்திருக்கிறது.

அகநானூற்றின் மூன்றாம் பாட்டு

எயினந்தை மகன் இளங்கீரனார் பாடிய இப்பாட்டு, பொருள்தேடச் செல்லுமாறு தூண்டும் நெஞ்சுக்குத் தலைவன் கூறிச் செலவழுங்கியது. அவன் கடக்க வேண்டிய வழியின் காட்சியாகவே எருவை இடம்பெறுகிறது. முதலையின் முதுகுத்தோல் போன்ற சொரசொரப்பான பட்டையை உடைய ஓமை மரத்தின் பெருங்கிளையில், ஈன்று காவலில் இருக்கிறது வளைந்த அலகுடைய பேடை. அதற்கு இரை கொணரச் சிவந்த செவியையுடைய ஆண் எருவை புறப்படுகிறது. மலைச்சாரலில் புலி ஒரு மரையாவை வீழ்த்திக் குருதியைக் குடித்து, வேண்டுமளவு உண்டு, எஞ்சியதை விட்டுச் சென்றிருக்கிறது. நாறும் அந்தத் தசையை எருவை கொள்ளையிடும் மனிதரைப் போலக் கவர்ந்துகொள்கிறது.

இந்த எருவை எந்தப் பறவை என்பதில் பெரிய ஐயத்துக்கு இடமில்லை. செம்முகப் பாறின் தலையும் கழுத்தும் இறகின்றிச் சிவந்தவை. அதன் செவியை அடுத்துப் பக்கத்துக்கு ஒன்றாகச் சிவந்த தோல்மடல்கள் தொங்குகின்றன. தொலைவிலிருந்து காண்பவர் அவற்றைச் செவி என்றே சொல்வர். வெண்முதுகுப் பாறும் கருங்கழுத்துப் பாறும் கூட்டமாக வாழ்பவை. செம்முகப் பாறோ பெரும்பாலும் இணையாகவே காணப்படும். பாட்டிலும் ஓர் இணைதான் இருக்கிறது. மரத்தின் மேல் கூடு, காவலிருக்கும் பேடை, இரைதேடும் ஆண், வேட்டை விலங்கு விட்டுச்சென்ற மிச்சம் என அனைத்தும் அப்பறவையின் வாழ்முறையோடு ஒத்துப்போகின்றன. மரையா எந்த விலங்கு, ஓமை எந்த மரம் என்பவற்றில் கருத்து வேறுபாடுகள் உள்ளன. எருவையின் அடையாளத்தை அவை பாதிக்கவில்லை.

பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ முதலாக, சங்கப் பறவைகளை அறிவியல் இனங்களோடு பொருத்திக் காட்டும் ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் பயன் பெரிது. ஆயினும் பின்வந்த கட்டுரைகள் பலவும் அடையாளம் கண்டதோடு நின்றுவிடுகின்றன. ‘சங்கப் புலவரின் சூழலியல் அறிவு வியக்கத்தக்கது’ என்ற வரியோடு ஆய்வு முடிந்துவிடுகிறது. வியப்பது ஆய்வாகாது. அந்த அறிவு பாட்டினுள் என்ன செய்கிறது என்று கேட்கும்போதே திறனாய்வு தொடங்கும்.

இப்பாட்டில் அது செய்வது நுட்பமானது. பேடையின் வளைந்த வாய்க்கு எதிரே தலைவியின் சிவந்த வாய் வருகிறது. எருவையின் சிவந்த செவிக்கு எதிரே தலைவியின் வளைந்த குழை வருகிறது. செம்மையும் வளைவும் பறவை இணையிலிருந்து மனித இணைக்கு இடம் மாறிச் செல்கின்றன. சுரத்தின் கொடுமையைக் காட்ட வந்த காட்சி, இல்லறத்தின் காட்சியாகவும் ஆகிவிடுகிறது. ஆண் எருவை பொருள்தேடித்தான் போகிறது. ஆனால் பேடையிடம் திரும்புவதற்காகப் போகிறது. தலைவனின் நெஞ்சு அவனை அணிகலன் தேடிப் போகச் சொல்கிறது. கொள்ளையர் என்ற உவமை பறவைக்கு உரியதாகச் சொல்லப்பட்டாலும், பொருளாசையால் பின்நின்று உந்தும் நெஞ்சின் மீதும் அது விழுகிறது. எருவையை அச்சத்தின் குறியாக மட்டும் படிப்பவர்கள் இந்த இரட்டைத் தன்மையை இழந்துவிடுவர்.

இன்னொன்றும் கவனத்துக்குரியது. பாட்டில் மூன்று உயிர்கள் உள்ளன: கொன்ற புலி, கொல்லப்பட்ட மரையா, உண்ணும் எருவை. இரை எங்கிருந்து வந்தது, அதனைக் கொன்றது எது, எவ்வளவு எஞ்சியது என்பனவற்றைப் புலவர் ஒன்றுவிடாமல் சொல்கிறார். பிணத்துக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு. பிற்கால இலக்கியத்தில் தேய்ந்துபோனது இவ்வரலாறே.

களமும் கோயிலும்

பாலைப் பாடல்கள் பலவற்றில் எருவையும் பருந்தும் ஆறலைப்போரால் கொல்லப்பட்ட வழிச்செல்வோரை அடுத்துக் காணப்படுகின்றன. புறத்திணையில் அவை போர்க்களத்துக்கு வருகின்றன. 12ஆம் நூற்றாண்டின் கலிங்கத்துப் பரணியில் பருந்தும் கழுகும் நரியும் பேயும் ஒரே பந்தியில் அமர்கின்றன. அங்கே பறவை என்பது வெற்றியின் அளவுகோல். எத்தனை பறவைகள் உண்டனவோ அத்தனை பகைவர் மடிந்தனர் என்பது கணக்கு. உண்ணப்பட்டவர் யார் என்ற கேள்விக்கு, ‘பகைவர்’ என்ற ஒற்றை விடையே போதுமானதாகிறது. பரணியின் சுவையைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. ஆனால் பிணந்தின்னி என்ற சொல்லுக்குள் இன்று ஒலிக்கும் மனிதப் பிணம் இத்தகைய களங்களிலிருந்து நம் மொழிக்குள் இறங்கியது என்று கொள்ள இடமுண்டு.

காப்பியமும் கோயிலும் எதிர்த்திசையில் சென்றன. கம்பர் ஆரணிய காண்டத்தில் சடாயுவைத் தசரதனின் நண்பனாகவும் இராமனுக்குத் தந்தை நிலையில் உள்ளவனாகவும் நிறுத்துகிறார். சடாயு உயிர் நீத்த படலத்தில் இராமன் மகன் கடனாக ஈமச் சடங்கு செய்கிறான். இறந்த உடலை உண்டு நிலத்தைத் தூய்மை செய்யும் இனத்தின் தலைவன், தன் உடலை நெருப்புக்குத் தருகிறான். அறத்தின் உயர்வைக் காட்ட இதைவிடச் சிறந்த வழி இருந்திருக்காது. ஆனால் அந்த உயர்வுக்குரிய விலை, பறவை தன் இரையிலிருந்து பிரிக்கப்படுவது. புள்ளிருக்குவேளூரும் திருப்புட்குழியும் சடாயுவின் நினைவைக் காக்கும் தலங்கள். இரண்டிலும் பறவைக்கு வழிபாடு உண்டு; இரைக்கு இடமில்லை.

திருக்கழுக்குன்றம் இந்தப் போக்கின் உச்சம். பட்சிதீர்த்தம் என்றும் வழங்கும் அம்மலையில் நாள்தோறும் நண்பகலில் இரு பறவைகள் வந்து அர்ச்சகர் தரும் சர்க்கரைப் பொங்கலை உண்டு சென்றன. அவை மஞ்சள்முகப் பாறுகள். சாபம் பெற்ற முனிவர்களே அவை என்றும், காசியில் நீராடி இங்கே உண்கின்றன என்றும் தலவரலாறு சொல்லிற்று. ஏதேனும் ஒருநாள் வராவிட்டால் கூட்டத்தில் பாவிகள் இருப்பதே காரணம் என்று விளக்கப்பட்டது. 1990களின் இறுதிக்குப் பின் அப்பறவைகள் வரவேயில்லை. பிணம் தின்னும் பறவையைச் சைவமாக்கி வணங்கிய ஒரு சமூகம், அது ஊர்ப்புறத்தில் உண்ட மற்ற உணவைக் கவனிக்கவில்லை. பாவி என்ற சொல்லுக்கு இங்கே எதிர்பாராத ஒரு பொருத்தம் கிடைக்கிறது. அதனை வலியுறுத்திச் செல்ல வேண்டியதில்லை.

இரையில் கலந்தது

1990களில் இராசத்தானின் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் விபு பிரகாஷ் பாறுகளின் வீழ்ச்சியைக் கவனித்துப் பதிவு செய்தார். 1992 முதல் 2007 வரையிலான காலத்தில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு அழிந்தன. நோய்த்தொற்று என்றே தொடக்கத்தில் ஐயுற்றனர். 2004-இல் வெளியான பாகிஸ்தான் கள ஆய்வு காரணத்தைக் காட்டியது. கால்நடைகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் செலுத்தப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, இறந்த மாட்டின் உடலில் எஞ்சிப் பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. யூரிக் அமிலம் வெளியேறாமல் உள்ளுறுப்புகளின் மீது வெண்படிகமாகப் படிந்தது. ஒரே வேளை உணவு போதுமானதாக இருந்தது.

இதன் கணக்கு நம் உள்ளுணர்வுக்கு மாறானது. இறந்த கால்நடைகளில் 130-இல் ஒன்று முதல் 760-இல் ஒன்று வரை மருந்தேறியதாக இருந்தாலே இத்தகைய வீழ்ச்சி நேரும் என்று 2004-இல் வெளியான மற்றோர் ஆய்வு மதிப்பிட்டது. ஓர் உடலைச் சுற்றிப் பல பத்துப் பறவைகள் கூடி உண்பதும், ஓர் இணை ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுவதும் இதற்குக் காரணம். பெருந்தீங்கு பெருவாரியான தவற்றால்தான் நிகழும் என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். பாறுகளின் கதையில் ஏறக்குறைய எல்லா மாடுகளும் தூயவை. எல்லா உழவரும் தம் மாட்டின் வலியைத் தணிக்கவே முயன்றனர். இதற்குப் பகைவன் இல்லை. பரணியின் மொழியால் இதனைச் சொல்ல இயலாமைக்கு இதுவே காரணம்.

2006-இல் இந்தியா கால்நடைப் பயன்பாட்டுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போவதைத் தடுக்க, 2015-இல் ஊசிமருந்துக் குப்பியின் அளவு 3 மி.லி.யாகக் குறைக்கப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2023-இல் தடை செய்யப்பட்டது. பின்னர் நிமிசுலைடும் அவ்வரிசையில் சேர்ந்தது. மெலாக்சிகாமும் டோல்ஃபெனாமிக் அமிலமும் பாறுகளுக்குத் தீங்கற்ற மாற்றாக உள்ளன. முதல் தடைக்கும் இரண்டாம் தடைக்கும் இடையே 17 ஆண்டுகள் கழிந்தன என்பதைச் சட்ட வரலாறு எழுதுவோர் கவனிக்க வேண்டும்.

பாறுகள் அழிந்த வெற்றிடத்தை நாய்கள் நிரப்பின. ஈயல் பிராங்க், அனந்த் சுதர்சன் ஆகிய பொருளியலாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, பாறுகள் வாழ்ந்த மாவட்டங்களையும் அவை வாழாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 இலட்சம் மனித உயிர்கள் கூடுதலாக இழக்கப்பட்டன என்று கணக்கிட்டது. நீர் மாசும் வெறிநாய்க்கடியும் அதில் பங்கு வகிக்கின்றன. பிணந்தின்னி என்று பெயரிட்ட பறவை இல்லாமற்போனதால் மனிதப் பிணங்கள் பெருகின என்பது இதன் நேர்ப்பொருள்.

வெள்ளகோவில்: முல்லையின் இறந்த மாடு

தமிழகத்தில் இன்று பாறுகளின் புகலிடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில், ஆற்றோர நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் இணைந்து நடத்திய கணக்கெடுப்பில் 2023 பிப்ரவரியில் 246 பறவைகளும், அவ்வாண்டு டிசம்பரில் 320 பறவைகளும் காணப்பட்டன. தமிழக அரசு 2022-இல் மாநில அளவிலான பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தது. செம்முகப் பாறும் அங்கே இருக்கிறது. புலி வீழ்த்தி விட்டுச்சென்ற மானும் காட்டெருமையும் மருந்து படாத இரை. இளங்கீரனார் பாடிய உணவுச்சங்கிலி முழுமையாக எஞ்சியுள்ள மிகச் சில இடங்களுள் அது ஒன்று.

அப்பள்ளத்தாக்குக்குத் தென்கிழக்கே, சமவெளியில் உள்ளது வெள்ளகோவில். விசைத்தறிக்கும் எண்ணெய் ஆலைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் ஈர்ப்புக்குள் இருப்பது. பாறு பற்றிய ஆய்வுக்கு இவ்வூரை எடுத்துக்கொள்வது பொருந்துமா என்று கேட்கப்படலாம். தறிச் சத்தத்துக்கு அப்பால் ஊரைச் சுற்றிக் கிடக்கும் கொரங்காடுகளே விடை. முள்கிளுவை வேலியிட்டு, வெள்வேல மரங்கள் நிற்க, கொழுக்கட்டைப் புல் படர்ந்த தனியார் மேய்ச்சல் நிலம் கொரங்காடு. காங்கயம் மாடுகளும் செம்மறிகளும் வளர்ந்தது இந்நிலத்தில்தான். சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுச் சந்தை இவ்வூரை அடுத்தது. மழை குறைந்த இம்மேட்டுநிலத்தை வெளியார் பாலை என்பர். வாழ்வோருக்கு இது முல்லை. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்தால் பாலையாகும் என்ற இளங்கோவடிகளின் கருத்தை எதிர்த்திசையில் எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது இந்நிலம்.

திணை மரபு எருவையைப் பாலையில் வைத்தது. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையேனும் சமவெளிப் பாறுகளைப் பேணியது ஆநிரைப் பொருளாதாரம். மாடு இருக்கும் இடத்தில் இறந்த மாடும் இருக்கும். முல்லைப் பாடல்கள் மாலையில் கன்றை நினைந்து மனைதிரும்பும் பசுவைப் பாடின. முதிர்ந்து வீழ்ந்த பசுவைப் பாடவில்லை. புறத்திணையில் ஆநிரை கவரப்படும், மீட்கப்படும், செத்துக் கிடக்காது. இறந்த மாடு தமிழ்க் கவிதையின் திணைக்குள் இடம்பெறவில்லை. அதனைத் தொடும் கடமை சுமத்தப்பட்ட மக்களும் இடம்பெறவில்லை.

கொங்கு நாட்டில் இறந்த மாட்டை அகற்றுவதும் தோலை உரிப்பதும் அருந்ததியர் மீது சுமத்தப்பட்ட பணிகளாக இருந்தன. கிணற்றில் கவலை இறைக்கத் தேவையான தோலும், காலுக்குச் செருப்பும் அவர்கள் கையிலிருந்தே வந்தன. உரித்தபின் எஞ்சிய உடலை முடித்துவைத்தவை பாறுகள். உழவன், தோல் உரிப்பவன், பறவை என்ற இம்மூவரின் உறவில்தான் ஊரின் தூய்மை நின்றது. தூய்மை ஊருக்குச் சேர்ந்தது. தீட்டு இருவருக்கு மட்டும் சேர்ந்தது. பிணந்தின்னி என்ற வசை பறவையோடு நின்றுவிடவில்லை என்பதைச் சாதியின் மொழியை அறிந்தோர் உணர்வர். 1927-இல் மகாடில் அம்பேத்கர், இறந்த விலங்கின் இறைச்சியை உண்பதைக் கைவிடுமாறு தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். அந்த மறுப்பு விடுதலையின் ஒரு படி. பாறுகள் போனதை எண்ணிப் பழைய ஊரமைப்பை ஏக்கத்தோடு எழுதும் கட்டுரைகள் இந்தப் பக்கத்தைத் திருப்புவதேயில்லை. பறவை திரும்ப வேண்டும் என்று விரும்பலாம். அதற்கு இரை சேர்க்கும் வேலை பழைய தோள்களுக்கே திரும்ப வேண்டும் என்று விரும்ப முடியாது.

மின்மோட்டார் வந்தபின் கவலை நின்றது. உழுபொறி வந்தபின் காளைகள் குறைந்தன. இன்று மூப்படைந்த மாடு பெரும்பாலும் கொட்டிலில் சாவதில்லை. சந்தை வழியாகக் கேரளத்துக்குச் சென்றுவிடுகிறது. நோயால் இறப்பது குழியில் புதைக்கப்படுகிறது. ஆகவே தமிழகச் சமவெளியில் பாறுகள் மறைந்தமைக்கு டைக்ளோஃபெனாக் ஒன்றையே காரணமாகச் சொல்வது வடநாட்டுக் கதையை அப்படியே பெயர்த்து வைப்பதாகும். இங்கே இரை நஞ்சானது ஒருபுறம். இரையே இல்லாமற்போனது மறுபுறம். காட்டோரங்களில் கால்நடையைக் கொன்ற வேங்கையையும் சிறுத்தையையும் பழிவாங்க, எஞ்சிய உடலில் நஞ்சு வைக்கும் வழக்கம் மூன்றாவது காரணம். எந்தக் காரணம் எந்தப் பத்தாண்டில் எவ்வளவு செயற்பட்டது என்பது வட்டாரம்தோறும் தனித்தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு.

அண்மை ஆண்டுகளில் வெள்ளகோவில், காங்கயம் பகுதிகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது தொடர்செய்தியாக உள்ளது. இறந்த ஆடுகளோடு உழவர்கள் இழப்பீடு கேட்டுப் போராடினர். பாறு இல்லாமையால் நாய் பெருகியது என்று இங்கே நேராக முடிவுகட்டக் கூடாது. இறைச்சிக் கடைக் கழிவும் நகரப் பெருக்கமும் முதலிற் கருத வேண்டியவை. ஆனால் கழிவான தசை ஒரு நிலத்தில் எங்கே போகிறது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. பாறு அதனை உண்டு முடிக்கும். உயிருள்ள ஆட்டைத் தொடாது. நாய் அதனை உண்டு பெருகும். பின்பு உயிருள்ளதையும் நாடும். அகநானூற்றுப் பாட்டில் கொன்றது ஒன்று, உண்டது மற்றொன்று. நாயிடம் அவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

வாசிப்பின் அடுத்த களம்

கொங்கு வட்டார எழுத்துக்கு ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் (1942) தொடங்கி நீண்ட மரபு உண்டு. பெருமாள்முருகனின் கூளமாதாரி (2000) ஆடுமேய்க்கும் அருந்ததியச் சிறுவர்களின் உலகை நாவலாக்கியது. ச. பாலமுருகனின் சோளகர் தொட்டி (2004) பாறுகள் இன்றும் வாழும் சத்தியமங்கல மலைகளைக் களமாகக் கொண்டது. இவற்றை உழவு, சாதி, அரசு வன்முறை ஆகிய கோணங்களில் ஆராய்ந்துள்ளோம். இவற்றில் ஒரு விலங்கு இறக்கும்போது அதன் உடல் யார் கைக்கு, எவ்விடத்துக்குப் போகிறது என்று எவரேனும் தொடர்ந்து வாசித்துப் பார்த்தால் பறவைப் பட்டியலைவிடப் பயனுள்ள ஒன்று கிடைக்கும். பாட்டில் பறவையின் பெயர் வந்தால்தான் அது சூழலியல் பிரதி என்ற வரையறையை அவ்வாசிப்பு தளர்த்தும்.

பாறுகள் இரைதேடி நெடுந்தொலைவு பறப்பவை. மாடுகளும் சந்தை வழியாக நெடுந்தொலைவு செல்பவை. சமவெளியில் ஊசி போடப்பட்ட மாடு மலையடிவாரத்தில் இறக்கக்கூடும். எனவே கண்ணபுரம் சந்தையில் கைமாறும் மாட்டுக்குக் கடைசியாகச் செலுத்தப்பட்ட மருந்து எது என்பது மாயாற்றின் நீர்மத்தி மரத்துக் கூட்டுக்கும் உரிய கேள்வி. இக்கேள்வியை எழுப்பக் கால்நடை மருத்துவர், மருந்துக்கடையினர், மாட்டுத் தரகர் ஆகியோரின் சொல்வழக்கைத் தொகுக்க வேண்டும்: வலிக்கு என்ன ஊசி கேட்கிறார்கள், அதனை எப்பெயரால் கேட்கிறார்கள், இறந்த மாட்டை எச்சொல்லால் குறிக்கிறார்கள், அதனை எடுத்துச் செல்பவருக்கு இன்று என்ன பெயர். வெள்ளகோவில், முத்தூர், மூலனூர் பகுதிகளின் கொரங்காட்டுச் சொற்கள் தொகுக்கப்படும்போது புல்லின் பெயரும் மாட்டின் சுழிப்பெயரும் எளிதில் இடம்பெறும். இறந்த மாட்டைப் பற்றிய சொற்களைக் கேட்டுப் பெறுவது கடினம். சாதியின் கூச்சமும் காயமும் அவற்றின் மேல் படிந்திருக்கின்றன. அச்சொற்களைத் தெரிந்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள்.